குமுதவல்லி மாட்டிய டைனமோ

திருப்புளியின் நுனியை டைனமோ மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு குமுதவல்லி நிற்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் தொலைந்தார்கள். "பேரிங் பேசுது, நீங்க ஏன்யா குறுக்க பேசுறீங்க?" என்பார். அதையே ஆல்டர்னேட்டர் என்றால் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் விழிப்பார்கள்; டைனமோ என்றால் குமுதாக்கா பட்டறையைக் காட்டுவார்கள். ஐம்பதைத் தொடும் வயது. கழுத்தில் தாலியோடு வோல்ட் மீட்டரும் தொங்கும்.

அன்று தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. ஆறரைக்கு ரதம் கிளம்பவேண்டும். அதை இழுக்கும் லோரிதான் சரவிளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்சாரம் தருவது. அதற்கென்றே இரண்டு மாதத்துக்கு முன் குமுதவல்லி ஒரு பெரிய டைனமோவை மாட்டியிருந்தார். நாலு மணிக்கு விளக்குகளைப் போட்டுப் பார்த்தால், எல்லாம் அழுது வடிந்தன.

"டைனமோ போச்சு லா," என்றார் கோவில் தலைவர் வீரமுத்து. "இனிமே தோட்டத்து லோரி எல்லாம் சிரம்பான் டவுன் கடைக்கே போவட்டும்."

லோரிகள் போனால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். குமுதவல்லி மளமளவென்று டைனமோவைக் கழற்றிப் பிரித்தார். கார்பன் புதிதுபோல் இருந்தது, டயோடுகளிலும் பழுதில்லை. திரும்ப மாட்டி ஓட்டினால் அதே கதை. "நல்லாத்தானே இருக்க, பின்ன என்னா கேடு ஒனக்கு?" என்று அதையே திட்டினார். மணி ஐந்தேகால்.

கடைசியில், விளக்குகளை எரியவிட்டபடியே மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் இரண்டு வோல்ட்! அட கிரகமே, கோளாறு டைனமோவில் இல்லை, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்தில். எர்த் கம்பியைத் தடவிக்கொண்டே லோரிக்கு அடியில் நுழைந்தார். அது லோரியின் இரும்புச் சட்டமான சேஸில் முடுக்கியிருந்த இடத்தில், போல்ட்டுக்கு அடியிலும் தடிப்பாக மஞ்சள் சாயம்; கம்பி இரும்பைத் தொடவே வழியில்லை.

சாயம் அடித்தது டிரைவர் சன்னாசி, குமுதவல்லியின் வீட்டுக்காரர். விரதமிருந்து மூன்று நாள் அடித்திருந்தார். "அம்மனுக்குப் போற லோரி, ஒரு பொட்டு இரும்பு தெரியக்கூடாதுன்னு கம்பியெல்லாம் கழட்டிட்டு அடிச்சேன் குமுதா," என்று குனிந்து சொன்னவருக்கு, சொல்லி முடிக்கும்போதே விஷயம் உறைத்து முகம் சுண்டிப்போனது.

"நல்லா அடிச்சீங்க," என்று பல்லைக் கடித்தார் குமுதவல்லி. உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, கம்பியை இறுக்கி முடுக்கினார். ரதத்து விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன.

"டைனமோ தங்கம் லா. எர்த்து புடிக்கல, அவ்ளோதான்," என்று அடியிலிருந்தே கத்தினார்.

"சரி, சிரம்பான் பேச்சு வேணாம்," என்றார் வீரமுத்து. "ஆனா யாரு பாத்த வேலை இது?"

சன்னாசி காப்புக் கட்டிய கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. குமுதவல்லி காதில் விழாதவர் போல, டின்னில் மீதமிருந்த மஞ்சள் சாயத்தை விரலால் தொட்டு, முடுக்கிய போல்ட்டின் தலையில் மட்டும் இரும்பு தெரியாமல் தடவிவிட்டார்.