வேபிரிட்ஜில் ஓட்டிப் பார்த்தேன்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு கெர்னல் வேலை பார்க்கிறவள் நான். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற அடிப்படை நிரல். போன மாதம் முழுக்க எனக்கு ஒரே வேலை. வழக்கொழிந்த ஒரு ப்ராசசருக்காக அதில் எழுதி வைத்திருந்ததையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். தொடவே எல்லாரும் பயந்த குப்பை அது. ஒரு வரியை இழுத்தால் கூடவே ஒரு கொத்து வரும். அப்பப்பா, உயிரை வாங்கிவிட்டது.

எந்த மாற்றம் செய்தாலும் கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் வேபிரிட்ஜில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கெர்னல் குழுவுக்கு அனுப்புவேன். லாரி, டிராக்டரை எடை போட்டுச் சீட்டு அடிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதில் ஓடினால் எதிலும் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. அன்றும் காலையில் பஸ் பிடித்துப் போய்ப் புதிய கெர்னலை ஏற்றி, ஆஃப் செய்து ஆன் செய்தேன்.

இந்த ப்ராசசரில் ஓடாது என்று திரையில் ஒரு வரி வந்தது. அதோடு நின்றுவிட்டது.

வெளியே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையோடு டிராக்டர்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ண? சீசன் நேரத்துல பொழப்புல மண்ணப் போட்டியே! எல்லாரும் அடுத்த வேபிரிட்ஜுக்குப் போய்ட்டா திரும்பி வருவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக எந்த ப்ராசசரை வெட்டி எறிந்தேனோ, அதேதான் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது! பழக்க தோஷத்தில் நேராக இங்கேயே கொண்டுவந்து ஏற்றியிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

பழைய கெர்னல் உள்ளேயே இருந்தால் பிழைத்தோம். ஆனால் இடம் பற்றவில்லை என்று போன தடவை அதை அழித்தேனா? சத்தியமாக நினைவில்லை. மறுபடி ஆன் செய்தேன். எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல் வந்தது. புதியதற்குக் கீழே பழையதும் இருந்தது. அதைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கருப்புத் திரை. பிறகு எடை காட்டும் எண்கள் வந்தன.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! டிராக்டர ஏத்தச் சொல்லுங்க மாமா!" என்று கத்தியேவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கூட்டம் குறைந்ததும் மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

"இப்ப ஓடறது பழசாம்மா?"

"ஆமா மாமா."

"எடை போட அதுல எதுனா கொறை இருக்குதா?"

"ஒண்ணும் இல்லங்க."

"அப்ப இதயே உடு. இனிமே இதும்மேல கை வைக்காத தாயே."

புதிய கெர்னல் இல்லாமல் அந்தப் பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டேனோ என்ற பயம் அத்தோடு போயிற்று. அதற்கு நான் வேண்டாம். நானும் இனி அதைச் சுமக்க வேண்டாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் லேப்டாப்பைத் திறந்து மாற்றத்தை அனுப்பினேன். சோதித்தது பற்றி எழுத வேண்டிய இடத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: "பழைய ப்ராசசரில் ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது."