வாய்க்கால் கரை காங்கூஸ்லர்

கச்சிராயபாளையம் மளிகைக்கடை அன்சர் பாய்க்கு இரண்டு பைத்தியம். அகராதியில் யாருக்கும் தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடுவது ஒன்று. கோமுகி அணை வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்குமே மனைவி ஹப்சாவிடம் வசவுதான்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் மரங்களை வெட்டிச் சாலையை மறித்தார்கள். பஸ் ஓடவில்லை. கடையில் ஈ ஓட்டியபடி அகராதியைப் புரட்டிய பாய் துள்ளி எழுந்தார்.

“ஹப்சா! காங்கூஸ்லர்னா இன்னா தெரியுமா? வாய்க்கால் கரையில குந்திகினு சும்மா வேடிக்கை பாக்குறவன்! எனக்குன்னே வச்சிருக்கான் பாரு!”

“வெட்டியா குந்தினு இருக்கறதுக்கு ஒரு பேரு வேறயா?”

பஸ் ஓடத் தொடங்கியதும், திருக்கோவிலூர் வியாபாரி ஒருவர் பாயைத் தேடி வந்தார். ஹப்சா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

“அவரு காங்கூஸ்லருங்க. டூட்டிக்குப் போயிருக்காரு.”