நான்கு டிகிரியில் ஓடிய ஆறாம் பகுதி

விரல் நுனிகள் நாடாவின் விளிம்புகளை மட்டும் தொட்டுக்கொண்டு நகர்கின்றன. மேற்பரப்பில் படுவதே இல்லை. ஓர் அங்குல அகலமுள்ள வீடியோ நாடா. சுருளிலிருந்து ஒரு முழம் பிரிந்து வந்ததும் இடது கை அதை வெளிச்சத்துக்குச் சாய்க்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட ஓர் எண். கைகள் அப்படியே நின்றுவிடுகின்றன. பிறகு சுருளை மேசைமேல் மிக மெதுவாக வைத்துவிட்டு, இரண்டும் மேலங்கிப் பைகளுக்குள் போய்விடுகின்றன.

"டெஸ், இங்க வா. எதையும் தொடாத. வந்து பாரு மட்டும்."

கைகளுக்குரியவர் நோரீன் ஹார்டேக்கர், வயது ஐம்பத்தேழு. பிராட்ஃபோர்டில் மூடிக் கிடந்த ஒரு கம்பளி ஆலையின் மூன்றாம் மாடியில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. பழைய தொலைக்காட்சி நாடாக்களில் இருப்பதைப் புது நாடாவுக்கு மாற்றித் தருவது தொழில். கூட்டாளி டெஸ்மண்ட், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். 2005 பிப்ரவரியில் அவர்கள் கையில் இருந்தது 'செகண்ட் கியர்' என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் சீசன். ஹாலிஃபாக்ஸில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியைப் பற்றியது, 1983இல் வந்தது, மொத்தம் ஆறு பகுதிகள். லண்டன் கம்பெனி ஒன்று அதை டிவிடியாக வெளியிட இருந்தது. ஐந்து பகுதிகள் முடிந்துவிட்டன. ஆறாவதற்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரே நாடாதான். மற்ற பிரதிகளை அந்தக் காலத்திலேயே அழித்து, மேலே கால்பந்து ஆட்டங்களைப் பதிந்துவிட்டார்கள்.

டெஸ் வந்து குனிந்து எண்ணைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது அடுப்புல இருந்தா வந்துச்சு?"

"ரெண்டு நாளா. அம்பது டிகிரி."

பழைய நாடாக்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். இயந்திரத்தில் மாட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். அதனால் மிதமான சூட்டில் உலர்த்துவார்கள். உலர்ந்தது சில வாரங்கள் நன்றாக ஓடும். ஆனால் இது எல்லாத் தயாரிப்புக்கும் பொருந்தாது. சில நாடாக்கள் சூட்டில் மேலும் கெடும், விளிம்பு சுருளும். இந்த எண் அந்த வகையைச் சேர்ந்தது. அடுப்பில் வைக்குமுன் ஒரு முழம் பிரித்து, எந்தத் தயாரிப்பு என்று காட்டும் பின்பக்க எண்ணைப் பார்ப்பது நோரீனின் வழக்கம். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"பொட்டியப் பாத்தியா?" என்றார் டெஸ்.

"பொட்டி அடுப்புல வெக்கற வகையோட பொட்டிதான். லேபிள் என் கையெழுத்து. அதனாலதான் பிரிச்சுப் பாக்கல."

கீத்லியில் பிறந்த நோரீன் பதினேழு வயதில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நாடாக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஜன்னல் இல்லாத நிலவறை. எழுதி ஒட்டுவது, அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அப்போது பெண்களை இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சை ஒரு கையிலும் இயந்திரக் கையேட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு தானாகவே படித்தார். 1991இல் நிலையம் கிடங்கை மூடியபோது, பழைய இரும்புக்குப் போக இருந்த இரண்டு இயந்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் இயல்பிலேயே பயந்தவர். கதவைப் பூட்டினோமா என்று பார்க்கப் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவார். எரிவாயுக் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டதை நோட்டில் எழுதிவைப்பார். "கல்யாணத்தன்னிக்கு மோதிர வெரல் இதுதானான்னு பாதிரியார்கிட்ட ரெண்டு தடவ கேட்டவ" என்று டெஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் அந்தப் பக்கத்து நிலையங்கள் தங்கள் கடைசிப் பிரதிகளை அவரிடம் அனுப்பின.

1983இல் கிடங்கில் பெட்டி மூடி உடைந்தால், சுருளைக் கையில் கிடைத்த காலிப் பெட்டியில் போட்டு லேபிள் ஒட்டிவிடுவார்கள். யாருடைய பெட்டி, யாருடைய நாடா என்று அன்று யாரும் பார்த்ததில்லை. நோரீனும் அதையே செய்திருக்கிறார்.

"அப்ப தப்பு உன்னோடது இல்ல. எண்பத்திமூணுல இருந்த நோரீனோடது," என்றார் டெஸ்.

"அவள நம்புனது நான்தானே."

அப்போது தொலைபேசி அடித்தது. லண்டன் கம்பெனியிலிருந்து ரோவீனா பெல். இந்த வெளியீட்டுக்குப் பொறுப்பு அவள்தான்.

"நோரீன், ஆறாவது எப்படிப் போகுது? வியாழக்கிழமை நானே ரயில்ல வந்து வாங்கிக்கறேன். அட்டையெல்லாம் அச்சாயிடுச்சு. 'முழுமையான இரண்டாம் சீசன்'னு பெருசாப் போட்டிருக்கோம்."

"போகுது கண்ணு," என்றார் நோரீன்.

அவர் தொலைபேசியை வைத்ததும் டெஸ் கேட்டார்: "எது போகுது?"

"வாயில வந்துடுச்சு."

நாடாவின் கடைசியில், நிகழ்ச்சி முடிந்த பிறகு, ஒன்றுமே பதியாத நீளம் கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நாலு விநாடிதான். பன்றிக்குட்டியின் காலை மிதித்தது போன்ற சத்தம். நோரீன் நிறுத்தினார். இன்னும் பத்து விநாடி ஓடியிருந்தால் மேல்பூச்சு உரிந்து வந்திருக்கும். படமெல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. டெஸ் வாங்கி வந்த இறைச்சி அடைத்த ரொட்டி மேசையில் ஆறிக் கிடந்தது. ரோவீனாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லத் தொலைபேசியை இரண்டு தடவை எடுத்தார். இரண்டு தடவையும் வைத்துவிட்டார். நாடா போய்விட்டது என்று சொல்வதா, போய்விடும் போலிருக்கிறது என்று சொல்வதா? பிறகு அலமாரியிலிருந்து தன் பழைய நோட்டுகளை இறக்கினார். பயத்தில் எழுதிவைத்த நோட்டுகள்: எந்த நாளில், எந்த நாடாவை, எந்த இயந்திரத்தில் ஓட்டியது, என்ன சத்தம் வந்தது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஒரு வரியில் விரல் நின்றது. 1986 ஜனவரி. கொதிகலன் பழுது. கிடங்கில் கடுங்குளிர். போன வாரம் கீச்சிட்ட நாடா இன்று கீச்சிடவில்லை.

அதே தயாரிப்பு நாடா.

"குளுர்ல ஓட்டணும்," என்றார்.

"எவ்வளவு குளுர்?"

"நம்மால நிக்க முடியாத அளவுக்கு."

செவ்வாய்க்கிழமை மாலை சூடாக்கியை அணைத்து ஆறு ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். நாடாவைக் காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து குளிர வேண்டும். இல்லாவிட்டால் நாடாவின்மேல் பனி பூக்கும். புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சுவர் வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது.

டெஸ் இரண்டு மேலங்கி போட்டிருந்தார். "எங்கம்மா வெயிலடிக்கற பார்படோஸ் தீவுலருந்து கப்பலேறினது இதுக்குத்தானா?"

"வாயக் கட்டு. நாடாவப் படிக்கற ஹெட்டுமேல மூச்சு படக்கூடாது."

கம்பளிச் சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டார்கள். ஓட ஓட இயந்திரம் தானே சூடேறும். அரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிடம். இடையில் நிறுத்தினால் நாடா சுழலும் உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஓட்டம்தான்.

நோரீன் பொத்தானை அழுத்தினார். கீச்சுச் சத்தம் இல்லை. திரையில் கோடுகள் ஓடின, படம் தெளிந்து நிலைத்தது, 1983இன் பார்வையாளர்கள் கை தட்டினார்கள்.

கதை இது: சவ ஊர்தி ஓட்ட வேலைக்குச் சேர்ந்த ஒருவன், அதே வண்டியில் ஓட்டுநர் தேர்வுக்கு வருகிறான். சவப்பெட்டியும் பின்னால் இருக்கிறது. வண்டி கிளம்பியதும், சாவு வீட்டுக்காரர்களின் இருபது கார்கள் பின்னாலேயே வருகின்றன. தேர்வாளர் இடது பக்கம் திரும்பச் சொல்கிறார். இருபது காரும் திரும்புகின்றன. பின்னோக்கி எடுத்து நிறுத்தச் சொல்கிறார். இருபது காரும் பின்னோக்கி வரத் தொடங்குகின்றன.

டெஸ் சால்வையைப் பல்லால் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. நோரீன் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது படத்தின் வலுவைக் காட்டும் அளவுமானியின் முள்ளை. விறைத்த விரல் ஒன்று நிறுத்தும் பொத்தானுக்கு மேலே, தொடாமல் நின்றுகொண்டிருந்தது.

பத்தொன்பதாவது நிமிடத்தில் படம் கிழிந்தது. திரை முழுக்க வெள்ளைக் கோடுகள். முள் கீழே விழுந்தது. விளிம்பு சுருண்ட இடம். அடுப்புச் சூட்டின் வேலை.

"நிறுத்தாத," என்றார் டெஸ் சால்வைக்குள்ளிருந்து.

இது பரவினால் மிச்ச ஒன்பது நிமிடமும் போகும். நிறுத்தினால் மொத்தமும் ஒட்டும். சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோடுகளுக்குப் பின்னாலிருந்து யாரோ பேச, கூட்டம் சிரித்தது. நோரீன் விரலை எடுத்து மடக்கிக்கொண்டார். ஏழு. எட்டு. பதினொன்றாவது விநாடியில் முள் எழுந்தது. சவ ஊர்தி திரும்பி வந்தது.

பெயர்கள் ஓடி முடியும்வரை இருவரும் அசையவில்லை. டெஸ் போய் ஜன்னல்களைச் சாத்தினார். நோரீன் நாடாவைச் சுருளோடு கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"அந்தப் பதினொரு விநாடிக்கு மூணாம் பகுதியிலருந்து ரோடு ஷாட் ஒண்ண எடுத்து வெச்சுடலாம்," என்றார் டெஸ். "சத்தம் முழுசா இருக்கு. வாங்கறவன் எவனுக்கும் தெரியாது."

"வெக்கத்தான் போறேன். எழுதியும் குடுக்கப் போறேன்."

"பழைய நாடா, தேஞ்சு போச்சுன்னு எழுது. பொய்யில்ல."

நோரீன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரோவீனா மாடியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது. "ஏன் இன்னும் இவ்வளவு குளுரா இருக்கு இங்க?" என்று கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினாள்.

புது நாடாவின் பெட்டி நோரீனின் மடியில் இருந்தது. அவர் எழுந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு தாளை மட்டும் நீட்டினார்.

"முதல்ல இதப் படி கண்ணு. நின்னுக்கிட்டே படி."

அதில் நாலே வரி. எந்த நிமிடம், எத்தனை விநாடி, அந்த இடத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. கடைசி வரி: நாடாவைச் சோதிக்காமல் அடுப்பில் வைத்தது நான், சேதம் என்னால் வந்தது.

ரோவீனா இரண்டு தடவை படித்தாள். "இத நீங்க எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும்."

"திங்கக்கிழமை போன்ல 'போகுது'ன்னு சொன்னீங்களே."

"அது பொய். பயந்துட்டேன்."

டெஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஏதோ திருகாணியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ரோவீனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அட்டையில 'முழுமையான'ன்னு இருக்கு. இனி மாத்த முடியாது. உள்ள ஒரு துண்டுச்சீட்டு வெக்கச் சொல்றேன், பதினொரு விநாடிக்கு அசல் படம் இல்லன்னு. ஆபீஸ்ல கத்துவாங்க. இனிமே உங்ககிட்ட அனுப்பலாமான்னும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நான் என்ன சொல்லுவேன்னு இப்பத் தெரியல, நோரீன்."

"சரி கண்ணு."

ரோவீனா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "கடைசிவரைக்கும் ஓடுச்சா?"

"பேரு ஓடி முடியறவரைக்கும்."

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நோரீன் பெட்டியை அந்தக் கைகளின்மேல் வைத்தார். உடனே விடவில்லை.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

"நல்லாவா?"

"நல்லாப் புடிச்சிருக்கேன், நோரீன்."

நோரீன் கையை எடுத்தார்.