சந்தேகத்தின் மனைவி மறைத்தது

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் அவருக்கு டிப்போவில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவனை அவர் சட்டை செய்யமாட்டார். கேட்பதற்கு முன்பே பல்லைக் காட்டுகிறான் பாருங்கள், அவனிடம்தான் நேராகப் போவார். பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் வீட்டில் இப்போது மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள். சந்தேகம் வராதா?

அவருக்குச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் புற்றுநோய். குழாயோடு அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதித்த முடிவு வந்த அன்று, அவர் தையல் பிரிக்கப் போயிருந்த நேரத்தில், டாக்டர் மனைவியிடம் பேசியிருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க, வாங்க போலாம்" என்றாள் அவள். ஒன்றுமில்லாததற்கு ஏன் கண் சிவந்திருந்தது?

அன்றிலிருந்து கேட்காமலே டீ வந்தது. வருஷக்கணக்காக முகங்கொடுத்துப் பேசாத மைத்துனன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சரி, நாள் குறித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கண்டக்டர்களை நடுங்கவைத்த ஆளுக்கு அதற்கு மட்டும் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் தொழில் வித்தையை எடுத்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா சாப்பிடச் சொன்னாரு."

தானும் ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, "மத்த இடத்துக்கும் பரவியிருக்காமே?" என்றார்.

"யார் சொன்னா? பரவவே இல்லைன்னு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாட்டினியா! உண்மையைச் சொல்லு. இன்னும் எத்தனை நாள்?"

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நாளும் இல்ல, மண்ணும் இல்ல. குழாய்ச் சுவரைத் தாண்டலையாம். வீரியம் கம்மியான வகையாம். பொழைச்சுக்குவாருன்னாரு. ஆனா மூத்திரப்பையில மறுபடி வரலாமாம். அப்பப்போ கேமரா விட்டுப் பாக்கணும், சிகரெட்டைத் தொடவே கூடாதுன்னு சொன்னாரு."

"அடிப்பாவி! நல்ல சேதியை எதுக்குடி மறைச்ச? நான் தினம் செத்துப் பொழைச்சேனே!"

"பயம் இருந்தாத்தானே தொடாம இருப்பீங்க? நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன். சந்தோஷம் வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பொத்துக்கொண்டு வந்தது கோபம். கட்டின புருஷன்மேல் இவ்வளவு அவநம்பிக்கையா? ஆனால் அது நிலைக்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பில் உடம்பெல்லாம் லேசாகி, கண்ணில் நீர் முட்டியது.

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தது.