அம்மாவுக்கு ஒரு வரி

எங்கள் நைனா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சர்வீஸில் ஒரு ஆளைக்கூட டிக்கெட் இல்லாமல் ஏற்றியதில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில், உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் கிராமத்தில் பழைய கூரை வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினார். வர்ணம் காய்வதற்குள் அதை எனக்கும் தம்பிக்கும் பிரித்து எழுதிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரும் அவர் அண்ணனும் ஒரு கிணற்றுப் பங்குக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்கள். நாங்களும் அப்படி நடக்கக் கூடாது என்று பயந்தார். நியாயமான பயம்தான்.

தெருப்பக்கம் இருந்த கூடமும் அறையும் எனக்கு. சமையலறை, குளியலறை, கிணறு எல்லாம் உள்ள பின்பாதி தம்பிக்கு. நைனா இருக்கும்வரை முழு வீடும் அவர் அனுபவத்தில். உயில் என்றால் பின்னால் யாராவது தன் மனதைக் கலைத்துவிடுவார்கள் என்று, மாற்ற முடியாதபடி செட்டில்மென்ட்டாகவே பதிவு செய்யத் தீர்மானித்தார். தொண்ணூறுகளின் நடுவில், நல்ல நாள் பார்த்து நாலு பேரும் பத்திர ஆபீசுக்குப் போனோம். அம்மா எல்லாருக்கும் நாஷ்டா கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுபவரின் கொட்டகை. அவர் சொல்லச் சொல்ல ஒரு நடுத்தர வயது அம்மாள் டைப்ரைட்டரில் முதலில் வரைவு அடித்துக் கொடுத்தார். நான் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தத் திமிரில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரைவைப் படித்தேன். நான்கு எல்லைகளையும் சரிபார்த்தேன். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்ற இடத்தில் விட்டுப்போன ஒரு கொம்பைக்கூடப் போட்டேன். அந்த நான்கு எல்லைக்குள் அம்மா இல்லை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

டைப் அடிக்கும் அம்மாள்தான் கேட்டார்.

“உங்க அம்மாவுக்கு ஒண்ணும் போடலியே சார். ஐயா காலத்துக்கு அப்புறம் அவங்க ஆயுசு வரைக்கும் வூட்ல இருக்கலாம்னு ஒரு வரி போட்டுடலாமா?”

எனக்குச் சுருக்கென்றது. “எங்கம்மாவ நாங்க பாத்துக்க மாட்டமா? அத வேற பத்திரத்துல எழுதிக்கணுமா?”

“நாளைக்கிப் பத்திரத்தப் படிக்கிறவன் எங்களப் பத்தி இன்னா நெனைப்பான்?” என்றான் தம்பி.

 நைனா, பெஞ்சில் டிபன் தூக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். “நீ இன்னா சொல்ற?”

“எனக்கு எதுக்கு அதெல்லாம்? புள்ளைங்க கீறாங்க இல்ல. வேணாம்.”

“வேணாங்க. அப்படியே அடிங்க” என்றேன் நான்.

மூன்று வருஷத்தில் நைனா போய்விட்டார். அம்மா மட்டும் அந்த வீட்டில் இருந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் நிலத்தின் விலை ஏற ஆரம்பித்தது. சென்னையில் தம்பி வேலை பார்த்த கம்பெனியை அந்தச் சமயத்தில்தான் மூடினார்கள். அவன் தன் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டு, விற்ற பிறகு எனக்குப் போன் செய்தான். சட்டப்படி அவன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை.

வாங்கியவர் நடுவில் சுவர் எழுப்பினார். அம்மாவின் சமையலறையும் கிணறும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவள் கூடத்தின் மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு சமைத்தாள். குளிப்பதற்குப் பக்கத்துச் சந்தில் கீற்றுத் தட்டி கட்டியிருந்தாள். அறுபத்தைந்து வயதில் தெருவில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவள் குளிக்கப் போனதைக் கண்ட அன்று எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. காஞ்சிபுரத்துக்குக் கூப்பிட்டேன். “உன் வூட்டுக்கு வந்தா நான் விருந்தாளிடா. நாலு நாள் வரேன்” என்றாள்.

என் கோபமெல்லாம் தம்பி மேல் திரும்பியது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“அவன எதுக்குத் திட்டிக்கினே கீற? அன்னிக்கி அந்தம்மா கேட்டப்போ நான் வேணாம்னு சொன்னேன். நான் அப்டிதான் சொல்லுவேன். நீ எதுக்குடா வேணாம்னு சொன்ன?”

 இத்தனை வருஷம் அவள் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். வாத்தியார் வேலையில் ஊரார் பிள்ளைகளை எத்தனையோ கேள்வி கேட்டு நிற்க வைத்திருக்கிறேன். அன்று நான் நின்றேன்.

அடுத்த லீவில் அம்மாவை அதே கொட்டகைக்கு அழைத்துப் போனேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அந்த அம்மாளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எங்களை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, காட்டிக்கொள்ளவில்லை. என் பாதியில் அம்மா ஆயுள் முழுக்கக் குடியிருக்கவும், அதுவரை நானோ என் வாரிசுகளோ அதை விற்காமல் இருக்கவும் எழுத வேண்டும் என்றேன். போன சமையலறையை அது திருப்பித் தராது. அது எனக்கும் தெரியும்.

“எதுக்குடா இப்போ இந்தச் செலவு, பேஜாரு. வேணாம், எயுந்திரு” என்றாள் அம்மா.

“நீங்க அடிங்க” என்றேன் அந்த அம்மாளிடம்.

அடித்து முடித்து அந்த வரியை அவர் சத்தமாகப் படித்தார். அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். நான் காகிதத்துக்குக் கை நீட்டினேன்.

“இருடா” என்றாள் அம்மா. “இன்னொரு வாட்டி படிம்மா.”