ஒழு எடுத்த பிறகு

என் மனுசன் இஹ்ஸானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளிச் சாரதியைக் கிண்ணியாவில் காணக் கிடைக்காது. வேனை எடுக்குமுன் டயரைத் தட்டுவார், பிரேக்கை மிதிப்பார், பிறகும் ஒருமுறை இறங்கிப் பார்ப்பார். ஏறினவர்களுக்கு அலுத்துப்போகும்.

குருநாகலில் ஒரு கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றிப்போனபோது ஏழு வயது மகள் அம்ராவையும் கூட்டிப்போனார். அந்தப் பக்கம் டெங்கு என்று முதல்நாளே கேள்விப்பட்டு, பாமசிக்குப் போய், நுளம்புக்குப் பூசும் மருந்துகளைத் திருப்பித் திருப்பி வாசித்தாராம். கடும் ஸ்பிரேயை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எழுதியிருந்த கிரீமை வாங்கிவந்தார். அவர்கள் வெளிக்கிடுமுன், விடியவே அதை என் உள்ளங்கையில் எடுத்து அவளுடைய கழுத்து, கை, கால் எல்லாம் பூசினேன். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், வடிவாகப் பூசு, ஆனால் விரல் சப்புகிறவள், விரலில் பூசாதே, கண்ணில் படவும் விடாதே என்று பக்கத்தில் நின்று புறுபுறுத்தார்.

திரும்பி வந்து ஒரு கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பிளேட்லட் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் நுளம்பு வலைக்குள் என் பிள்ளை வாடிக் கிடந்தாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பூசிவிட்ட பிறகும் எப்படிக் கடித்தது என்று வார்ட் வாசலில் வைத்துக் கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "லுஹர் தொழ ஒழு எடுத்தம். அஸருக்கும் எடுத்தம். நான்தான் கழுவிவிட்டன்."

மத்தியானமும் பின்னேரமும் தொழுமுன் கழுவியது: முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால். எல்லாம் மும்மூன்று தரம். கிரீம் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தொழப் பழகும் பிள்ளையின் ஒழு பிழைக்கக்கூடாது என்று பார்த்த மனுசனுக்கு, திரும்பப் பூச நினைவு வரவில்லை. வாயில் வந்தபடி ஏசினேன். இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான், பாவமாகவும் இருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பிவிட்டாள். மனுசன்தான் தேறவில்லை. பிறகு எந்தப் பயணத்துக்கும் அவளை ஏற்றவில்லை. கிரீமைத் தொடவுமில்லை.

போன கிழமை கண்டிக்குப் போக வேனை எடுத்தார். அம்ரா சப்பாத்தும் போட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றாள். இந்த முறையாவது கூட்டிப்போவார் என்று நானும் கிரீமோடு வந்தேன். ஏலாது என்றார்.

"வாப்பா, நான் ஒழு எடுக்காம இருக்கிறன். என்னையும் கூட்டிப் போங்க."

அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இறங்கிவந்தார். என் கையிலிருந்த கிரீமை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஒழு எடுக்கோணும் மகள்," என்றார். "எடுத்திட்டு நேரா வாப்பாட்ட வாங்க."

பிறகு அவளைத் தூக்கி இருத்தி, பெல்ட்டைப் போட்டு, அதை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.