படகில் நான்காவது ஆள்

போன வாரம் என் மகன் டியூஷன் முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சிட்லபாக்கத்துக்கு வர எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன. ஆனால் என் கால்கள் முதலில் ஏரிக்கரைக்குத்தான் போயின. நடைப்பயிற்சி போகிறவர்களை ஒருவர் விடாமல் விசாரித்தேன். அவன் நண்பன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சார்ஜ் இல்லையாம். வீட்டுக்கு வந்தவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. தலைமுடியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருக்கிறதா என்று.

"ஏம்மா இப்படிப் பண்றே, லூசு மாதிரி?" என்றான்.

அவனுக்கு இப்போது என் தம்பியின் வயது. அன்றைக்கு வந்த அந்தமான் ஞாபகம் இன்னும் போகவில்லை.

தம்பி போனது ஒரு ஐப்பசி மழையில். பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டது என்று பார்க்கப் போன பையன்கள் ஒருவன் குறைவாகத் திரும்பி வந்தார்கள். அப்பா அப்போது ஆபீஸ் வேலையாக கௌஹாத்தியில் இருந்தார். வழியெல்லாம் வெள்ளம். ரயில் நின்று நின்று, அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீரில் கிடந்த உடம்பு, அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குக் காட்ட மிஞ்சியிருந்தது தம்பி கரையில் மடித்து வைத்துவிட்டு இறங்கிய சட்டை ஒன்றுதான். அப்பா அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். மறுபடி அதே மடிப்பில் மடித்து அம்மாவிடம் கொடுத்தார். அழவில்லை. எவ்வளவு திடமான மனுஷர் என்று உறவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

அதன் பிறகு அப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. மாலையில் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். அம்மாதான் தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அந்த மாமா கப்பல் இன்ஜினியராக இருந்துவிட்டு, அப்போது மலேசியாவில் ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். படகை அந்தமானுக்குக் கொண்டுவந்து வைக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். முதலாளி வருவதற்குள் எங்களுக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டுவதாக மாமா எழுதினார். என் முழுப்பரீட்சை முடிந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. அம்மா வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக அவளுக்கு மனம் இல்லை.

புறப்படும்போது தெருவில் கொட்டியிருந்த ஜல்லியில் ஒரு கல்லை எடுத்துக் கழுவி என் கவுன் பையில் போட்டாள். "மாமாவோட சேத்து மூணு பேரா போகக் கூடாது. இதையும் சேத்து நாலு பேரு" என்றாள். எல்லார் வீட்டிலும் செய்வதுதான். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

போர்ட் பிளேயரில் மாமாவைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. படகு கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் கொடி. வெளிநாட்டிலிருந்து வந்த படகை சுங்க அதிகாரிகள் சோதித்து முடிக்கும்வரை அந்தக் கொடி பறக்க வேண்டுமாம். அதுவரை யாரும் இறங்கக் கூடாது, ஏறவும் கூடாது.

"அம்மை போட்ட வீட்டுல வேப்பிலை கட்ற மாதிரி" என்றார் அப்பா. நெடுநாளுக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன வாக்கியம் அது.

சோதனை முடிந்து கொடி இறங்கியது. பயணத்தில் சேர்கிற எங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அதே அதிகாரியுடன் படகுக்குப் போனோம். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். மாமாவின் வரி கட்டாத மதுப் புட்டிகள் இருந்த அலமாரியை நூல் கட்டி அரக்கு வைத்து மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"மொத்தம் மூணு பேரு, இல்லையா?"

"இல்ல சார், நாலு" என்று நான் கல்லை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அம்மாவும் இதான் பண்ணுவாங்க. பேரு என்ன சாருக்கு? எந்த ஊரு?"

"சிட்லபாக்கம்."

மாமா பலமாகச் சிரித்தார். அப்பாவும் சிரித்ததாக ஞாபகம். அதிகாரி காகிதத்தில் மூன்று பேர் என்றுதான் எழுதிக்கொண்டார்.

படகு பாய் விரித்துக் கிளம்பியதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. தீவுகளுக்கு நடுவே தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் மணல் தெரியும். எந்தத் தீவில் இறங்கலாம், எதை நெருங்கவே கூடாது என்று கடுமையான விதிகள் இருந்தன. காலையும் மாலையும் துறைமுகத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், எல்லோரும் நலமா என்று சொல்ல வேண்டும். மாமா முதல் நாளே என்னைச் சிரிக்க வைப்பதற்காக, "மூணு ஆளு, ஒரு கல்லு" என்றார். அந்தப் பக்கம் பேசியவரும் தமிழர். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் அவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது.

"நாலாவது ஆளு சாப்ட்டாரா சார்?"

"மயக்கம்ங்க அவருக்கு. வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காரு."

அப்பா படகின் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் மாமா அவரைப் பார்ப்பார். அந்தப் பயணம் முழுக்க மாமா அவரைத் தனியே விட்டதே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஒரு மாலை, ஆளில்லாத தீவு ஒன்றின் வளைவில் நங்கூரம் போட்டோம். மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நின்றன. பறவைச் சத்தம் இல்லை. அலையும் இல்லாததால் படகு தரையில் வைத்தது போல நின்றது. நாங்கள் கீழே அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தோம். மோட்டார் படகு ஒன்று ஒட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு மேலே போனோம். ஒரு மீனவர். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கோவளம் பக்கத்துக்காரர், பிழைப்புக்காக அங்கே வந்தவர்.

"மெட்ராஸா? தாம்பரமா? அட, நம்ம ஊரு" என்று சொல்லி மீன்களை எடுத்து எங்கள் படகில் போட்டார். "நாலு பேரு கீறீங்க, நாலு மீனு போதுமா?"

"மூணு பேருதாங்க" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கல்லு கத சொல்லிட்டியா இவருகிட்ட?"

நான் மேலேயே வரவில்லையே என்றேன்.

மீனவர் படகின் முன்பக்கத்தைக் காட்டினார். "அப்ப அங்க காலத் தொங்கவுட்டுகினு குந்திகினு இருந்துச்சே ஒரு புள்ள, அது யாரு? தூரத்துலேந்தே பாத்துகினுதான் வந்தேன்."

முன்பக்கத்தில் சுருட்டிக் கட்டிய பாய் மூட்டை மட்டும் இருந்தது. மாமா அதைச் சொன்னார். வெயில் சாயும்போது அப்படித்தான் தெரியும் என்றார். மீனவர் தன் படகைத் தள்ளிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "சட்ட போட்டிருந்தானா?"

"இல்ல சார். டவுசர் மட்டுந்தான்."

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தான்?"

மீனவர் தீவைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. பாய் மூட்டைதான் என்று பகலில் நம்புகிறேன்.

பின்னால் கட்டியிருந்த சின்ன ரப்பர் படகில் அப்பா இறங்கியதை நாங்கள் கவனிப்பதற்குள் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"அத்தான், அங்க எறங்கக் கூடாது. சொன்னா கேளுங்க. இருட்டப் போவுது" என்று மாமா கத்தினார். அப்பா துடுப்பைப் போட்டுக்கொண்டே போனார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது போன்ற அவசரம் அதில் இருந்தது. எங்களிடம் வேறு சின்னப் படகு இல்லை. மாமா சட்டையைக் கழற்றினார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். என்னைத் தனியே விட்டுவிட்டு நீந்திப் போக அவரால் முடியவில்லை.

அப்பா மரங்களின் நிழலுக்குள் போனார். அப்புறம் தெரியவில்லை.

மாலை வயர்லெஸ் நேரம் வந்தது. கீழே அறையிலிருந்த வயர்லெஸ்ஸில் எங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மாமா போய் எடுக்கவில்லை. இரண்டு பேர் என்று சொன்னால் கடலோரக் காவல் படை வரும். மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. என் தோளை அவர் பிடித்திருந்த பிடி வலித்தது. "பாப்பா, அப்பாவக் கூப்புடு. நீ கூப்ட்டாதான் வருவாரு" என்றார். நான் கூப்பிட்டேன். தீவு என் குரலைத் திருப்பிக் கொடுத்தது. கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் சின்னக் குரலாக. அதைக் கேட்டதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

கரையும் தண்ணீரும் ஒரே நிறமாகும் நேரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்துகொண்டிருந்தார். ரப்பர் படகின் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அதனால் படகு ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து வளைந்து வந்தது. பஸ்ஸில் பக்கத்துப் பிள்ளைக்கு இடம் விட்டு உட்காருவோமே, அப்படி.

"கரையில கால்தடம் இருந்துது மாப்ள" என்றார்.

"ஆமையா இருக்கும் அத்தான்."

அப்பா துடுப்பை வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் பக்கத்தில் தாழ்த்தி, யாரையோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவது போலத் தூக்கி, மாமாவை நோக்கி நீட்டினார். கைகளில் ஒன்றும் இல்லை. "புடிச்சுக்கோ. வழுக்கும்" என்றார்.

சாமி கும்பிடாத, பேய் பிசாசு என்றால் சிரிக்கிற என் மாமா கம்பிமேல் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். வாங்கி, மெதுவாகத் திரும்பி, என் பக்கத்தில் இறக்கி விட்டார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. அந்த இடத்தில் பலகை குளிர்ந்திருந்தது.

பிறகு மாமா கீழே இறங்கிப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தார். அன்று பேசியவர் வழக்கமான ஆள் இல்லை. எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு பேரு. எல்லாரும் சௌக்கியம்" என்றார் மாமா. அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா ஒவ்வொரு முறையும் நாலு என்றே சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போது பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருக்கும். நானும் அதன் மேல் கால் படாமல் தாண்டிப் போகப் பழகிவிட்டேன். இரவில் அப்பா எழுந்து முன்பக்கத்துக்கு ஒரு போர்வையைக் கொண்டுபோய் வைப்பார். காலையில் அது நனைந்து கிடக்கும். பனியாக இருக்கலாம்.

போர்ட் பிளேயரில் நங்கூரம் போட்டபோது எங்களுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். அதே சுங்க அதிகாரி. ஆனால் கூட இரண்டு காவலர்கள். மூன்று பேராகப் போன படகு நான்கு பேர் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. எந்தத் தீவில், யாரை ஏற்றினோம் என்று அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. மாமா தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"கடல்ல ஆளு எண்ணிக்கையில வெளையாடுவாங்களா சார்? படிச்சவங்கதானே நீங்க?" என்றார் அதிகாரி. முன்பு சிரித்த முகம் அது என்று நம்பவே முடியவில்லை.

படகைச் சோதித்தார்கள். நங்கூரச் சங்கிலி கிடக்கும் குழி, பாய் வைக்கும் அறை, படுக்கைக்கு அடியில், இன்ஜின் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சந்து. ஒரு சின்னப் பிள்ளை நுழையக்கூடிய இடம் எதையும் விடவில்லை. அப்பா டார்ச்சின் பின்னாலேயே போனார். அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்த ஒவ்வொரு இடத்திலும் தானும் குனிந்து பார்த்தார்.

"யாரும் இல்ல சார்" என்று முடித்தார் அதிகாரி.

"இன்னொரு தடவ பாருங்க சார்" என்றார் அப்பா.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காவலர்களை மேலே அனுப்பிவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு, மறுபடி முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு கதவையும் திறந்து, வெளிச்சம் காட்டி, அப்பா பார்க்கும்வரை காத்திருந்து, "இங்க இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் மூடினார்.

எனக்கோ பசி. கரைக்குப் போனதும் பரோட்டா என்று மாமா சொல்லியிருந்தார். அதுதான் பார்த்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு என்று மேலேயிருந்து கத்தினேன். கடைசிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அப்பா அழும் சத்தம். அவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த அதிகாரி அப்பாவை ஏதோ சொல்லித் திட்டிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் மேலே வந்து என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கையை வேகமாகத் தட்டிவிட்டேன்.